280 பெரிதா, 34 பெரிதா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் தண்டையார்பேட்டை. எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்து, சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை. என் அத்தைக்கு சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். பதினோரு வருடமாகத் தினமும் இமாட்டினிப் மாத்திரை போட்டுக்கொண்டு ராயபுரத்தில் இட்லிக் கடை நடத்துகிறார். அந்த மாத்திரையைப் பார்த்துத்தான் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். பிஎச்.டி.க்கு இரண்டு கைடுகள் என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயார். ஒருவர் ஓஎம்ஆர் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியர். 280 ஆராய்ச்சிப் பேப்பர், ஹெச்-இண்டெக்ஸ் 47. 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி' என்று வாசலிலேயே பேனர் கட்டியிருக்கிறார்கள். இன்னொருவர் ஊருக்குள்ளேயே ஓர் அரசுக் கல்லூரியில் இருக்கும் மேடம். 34 பேப்பர், ஹெச்-இண்டெக்ஸ் 13. 'இதில் யோசிக்க என்ன இருக்கு, 280 பெருசா 34 பெருசா?' என்கிறான் அண்ணன். எனக்கு ஏனோ மனசு ஒட்டவில்லை. யாரிடம் சேர்வது?

பதில்: இதை நீங்கள் உங்கள் அப்பாவிடமே கேட்டிருக்கலாம். காசிமேட்டில் கூடையை எண்ணி யாராவது மீன் எடுப்பார்களா? செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏலத்தில் வாயைத் திறப்பார்கள். நீங்கள் கூடையை எண்ணி எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேருடைய கட்டுரைப் பட்டியலையும் கூடவே அனுப்பியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நான் செவுளைப் பார்த்தேன். முப்பது வருடம் மருந்தியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை!

முதலில் அந்த ஹெச்-இண்டெக்ஸ். 2005இல் ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் சொன்ன கணக்கு அது. 47 என்றால், குறைந்தது 47 தடவை மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்கள் 47 இருக்கின்றன என்று அர்த்தம். அவ்வளவுதான். மேற்கோள் காட்டியது யார், பாராட்டியா திட்டியா, அவரே தன்னைக் காட்டிக்கொண்டாரா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. இன்னொன்று, அது ஏறும், இறங்காது. ஆள் ஓய்வு பெற்றாலும் ஏறும், காலமான பிறகும் ஏறும். பேராசிரியரின் முதல் பேப்பர் 2001இல் வந்திருக்கிறது. மேடத்தின் முதல் பேப்பர் 2014இல். இருபத்துச் சொச்சம் வருடத்துச் சரக்கையும் பத்துச் சொச்சம் வருடத்துச் சரக்கையும் ஒரே தராசில் வைத்தால் முள் ஒரு பக்கம்தான் சாயும்.

பேனரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த 2 சதவீதப் பட்டியலை ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அயோனிடிஸ் குழு வருடாவருடம் எல்சேவியர் பதிப்பகம் மூலம் வெளியிடுகிறது. பொய்ப் பட்டியல் இல்லை. ஆனால் அது முழுக்க முழுக்க மேற்கோள் கணக்கு. வாழ்நாள் கணக்குக்கு ஒரு பட்டியல், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் ஒரு பட்டியல் என்று இரண்டு உண்டு. பேனர் அடிப்பவர்கள் எந்தப் பட்டியல் என்று சொல்வதில்லை. தன் கட்டுரையைத் தானே எத்தனை சதவீதம் மேற்கோள் காட்டினார் என்பதற்கும் அதே பட்டியலில் ஒரு கட்டம் இருக்கிறது. அதுவும் பேனரில் ஏறாது. நீங்கள் இறக்கிப் பாருங்கள், இலவசம்தான்.

சரி, கூடைக்குள் போவோம். பேராசிரியரின் பட்டியலை வருடவாரியாகப் பிரித்தேன். போன மூன்று வருடங்களில் 34, 41, 38. நாற்பத்தொன்று என்றால் ஏறக்குறைய ஒன்பது நாளைக்கு ஒரு பேப்பர். எலியில் ஒரு கட்டியை வளர்த்து, மருந்து கொடுத்து, அது சுருங்குகிறதா என்று அளந்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குக் காத்திருப்பது தனி. பெரிய லேப், நிறையப் பேர், அதனால் நிறைய வருகிறது என்று சொல்லலாம். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பிஎச்.டி. மாணவர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. எட்டுப் பேருக்கு 41 என்பது எனக்கு நெஞ்சில் இறங்கவில்லை.

அப்புறம் தலைப்புகளைப் படித்தேன். ஆடாதொடை இலையிலிருந்து வெள்ளி நானோ துகள், எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்லுக்கு எதிராக. நொச்சி இலையிலிருந்து வெள்ளி நானோ துகள், எம்சிஎஃப்-7க்கு எதிராக. முருங்கை, கீழாநெல்லி, ஆவாரம்பூ. இலைதான் மாறுகிறது, செல்லும் முறையும் முடிவும் அதேதான். நம்மூரில் இந்த மாதிரிப் பேப்பருக்குப் பஞ்சமே இல்லை. என் துறையிலும் வந்தது. இரண்டில் என் பெயரும் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை.

இந்தப் பரிசோதனையை நீங்கள் எம்.எஸ்சி.யிலேயே செய்திருப்பீர்கள், இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்கள். சாற்றை ஒவ்வொரு அளவில் ஊற்றி, ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டுவிட்டு, எம்டிடி என்ற மஞ்சள் கரைசலைச் சேர்ப்போம். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றும். செத்த செல் மாற்றாது. நிறம் வெளுக்க வெளுக்க, 'புற்றுநோய் செல்கள் அழிந்தன' என்று எழுதலாம். செல் பாதியாகக் குறைந்த அளவைக் குறித்துக்கொண்டால் பேப்பரில் பாதி வேலை முடிந்தது.

இதில் சிக்கல் என்னவென்றால், பிளாஸ்டிக் தட்டில் செல்லைக் கொல்வது ஒரு சாமர்த்தியமே இல்லை. பினாயிலை ஊற்றினாலும் சாகும். கேட்க வேண்டியது மூன்று. பக்கத்துக் குழியில் நல்ல செல்லை வைத்து அதே சாற்றை ஊற்றினார்களா? அந்த அளவு மருந்து மனித ரத்தத்தில் நிற்குமா? தட்டைத் தாண்டி எலிக்காவது போனதா? பேராசிரியரின் கடைசி இருபது பேப்பர்களில் நல்ல செல்லை வைத்துப் பார்த்தது நான்கில்தான். பெரும்பாலானவற்றில் மில்லிலிட்டருக்கு 80, 100 மைக்ரோகிராம் ஊற்றினால்தான் பாதிச் செல் சாகிறது. உங்கள் அத்தையின் இமாட்டினிப், ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில் இருந்தாலே வேலை செய்யும் மருந்து. எலி வரை போனது ஒன்றே ஒன்று. அதிலும் அவர் பெயர் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

எந்த ஜர்னலும் இதைக் கேட்காதா என்று நீங்கள் நினைக்கலாம். 2013இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் ஒரு வேலை செய்தார். பாறைப்பாசியிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு பொய்ப் பேப்பர் தயாரித்து, பெயர்களை மட்டும் மாற்றி மாற்றி 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். மருந்தைச் சாராயம் தூக்கலாக இருந்த கரைசலில் கரைத்துச் செல்லில் ஊற்றியிருந்தார், ஒப்பிட வைத்த செல்லுக்கு அந்தச் சாராயத்தைக் காட்டவே இல்லை. செத்தது மருந்தாலா சாராயத்தாலா என்று எம்.எஸ்சி. முதல் வருட மாணவரே கேட்டுவிடுவார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. நிராகரித்தவை 98. அதனால் 'பேப்பர் வந்துவிட்டது' என்பதை நான் தகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஜர்னல்களைத் தடுக்க யுஜிசி 2019இல் நம்பத்தக்க ஜர்னல்களுக்குக் கேர் பட்டியல் என்று ஒன்று கொண்டுவந்தது, 2025இல் அதையும் கைவிட்டுவிட்டது. இனி நம் கண்தான் நமக்குப் பட்டியல்.

பெரிய ஜர்னலில் வந்தால் மட்டும் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தார் புற்றுநோய் ஆராய்ச்சியில் மைல்கல் என்று சொல்லத்தக்க 53 ஆய்வுகளைத் தங்கள் லேபில் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2012இல் முடிவைச் சொன்னார்கள்: ஆறுதான் தேறியது. மஞ்சள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்த பரத் அகர்வால், மஞ்சளில் இருக்கும் குர்குமினைப் பற்றி எழுதி உலகத்திலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டவர்களில் ஒருவரானார். 2016இல் ஒரே ஜர்னல் அவருடைய ஏழு பேப்பர்களை ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது. திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களைத் தேட ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் கைடுகள் இருவர் பெயரையும் அதில் போட்டுப் பார்த்தேன். இருவருக்கும் எதுவும் இல்லை. பேராசிரியரைத் திருடர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சுலபமான கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், அவ்வளவுதான்.

மேற்கோள் கணக்கு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு நம்மூர் ஆள் ஒருவரே இருக்கிறார். சென்ட்ரலுக்கு எதிரே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1925இல் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்க ஒரு முறை சொன்னார். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று நீங்களும் பிராக்டிகலில் எழுதியிருப்பீர்கள். அந்தப் பேப்பரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பிற்பாடு லெடர்லே மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த குழு, ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் பொருட்களைத் தயாரித்தது. அதில் ஒன்றைத்தான் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 1948இல் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார், பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. கீமோதெரபியின் கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. அந்தப் பேப்பரின் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் பெயர் இல்லை. அவருடைய ஹெச்-இண்டெக்ஸைக் கணக்குப் போட்டால் பாஸ்பரஸுக்கு மதிப்பு ஏறும், அந்தக் குழந்தைகளுக்கு ஏறாது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. கைடின் பட்டியலைப் படிக்கும்போது அவர் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், முதலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நம் துறையில் பேப்பரின் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் லேப் நடத்துபவருக்கு. என் முதல் பேப்பரில் இரண்டு வருட ராத்திரி வேலை என்னுடையது. அச்சாகி வந்தபோது என் பெயர் நான்காவது. எனக்கு முன்னால் இருந்த மூவரில் ஒருவரை நான் அந்த லேபுக்குள் பார்த்ததே இல்லை. யார், எந்த இடம் என்பதெல்லாம் இப்போது எதற்கு. பேராசிரியரின் பேப்பர்களில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள், வெளிநாட்டு ஊர்களெல்லாம் சேர்ந்து. அவருடைய மாணவர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேடத்தின் பேப்பர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் பெயர் ஒரு மாணவருடையது. அதே பெயர் பல பேப்பர்களில் தொடர்ந்து வருகிறது, அப்புறம் நின்றுபோய் வேறு பெயர் வருகிறது. அதாவது ஒருவர் முடித்துவிட்டுப் போயிருக்கிறார், அடுத்தவர் வந்திருக்கிறார்.

மேடத்தின் 34இல் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்றில், தட்டில் நன்றாக வேலை செய்த பொருள் எலியில் வேலை செய்யவில்லை என்று பளிச்சென்று எழுதியிருக்கிறார். அதை எந்த ஜர்னலும் ஆசையாக வாங்காது, யாரும் மேற்கோளும் காட்ட மாட்டார்கள். மூன்றே மூன்று மேற்கோள்தான் வந்திருக்கிறது. இன்னொன்றில் ஒரு படம் இடம் மாறிவிட்டதைத் தாமே கண்டுபிடித்துத் திருத்தம் போட்டிருக்கிறார். யாரும் கேட்காமல் தன் தப்பை அச்சில் ஒப்புக்கொள்கிறவரிடம் தைரியமாக வேலை கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் மேடத்தின் பக்கமும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அவரிடம் முடித்தவர்கள் மூன்றே பேர். ஒருவருக்கு, பேப்பர் தேதிகளை வைத்துப் பார்த்தால், ஏழு வருடம் ஆகியிருக்கும்போல. உங்களுக்கு வரும் உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருடம் 42,000, அதோடு சரி. ஆறாவது வருடம் வீட்டை யார் பார்ப்பது? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயமில்லை, உங்களுக்கு இதுதான் முதல் விஷயம். கூச்சப்படாமல் மேடத்திடமே கேளுங்கள்: 'ஏழு வருடம் ஏன் ஆனது?' கொரோனாவில் லேப் மூடிக் கிடந்தது, கருவி பழுதாகி டெண்டருக்குக் காத்திருந்தோம் என்று காரணம் சொன்னால் அது ஒரு பதில். கோபம் வந்தால் அதுவும் ஒரு பதில்.

அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பேராசிரியரின் லேபில் நல்ல கருவிகள் இருக்கும், பிள்ளைகள் நான்கு வருடத்தில் முடித்துவிடுகிறார்கள், பேப்பர் எண்ணிக்கை வேலைக்கு உதவும். ஆனால் எவ்வளவு உதவும் என்று பாருங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலுக்கு ஆள் பொறுக்க யுஜிசி 2018இல் கொடுத்த அட்டவணையில் ஒரு பேப்பருக்கு இரண்டு மதிப்பெண், உச்சவரம்பு பத்து. ஐந்து பேப்பர் போதும். ஆறாவது பேப்பருக்கு அந்த அட்டவணையில் சல்லிக்காசு கிடையாது.

உங்கள் அத்தை போடும் மாத்திரையின் கதையைச் சொன்னால் நான் எதைத் தேடுகிறேன் என்று புரியும். 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், சிஎம்எல் நோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்து முந்நூறு வார்த்தை அளவுக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். கணக்கில் அது ஒரு உருப்படி. 1973இல் ஜேனட் ரௌலி, அது குட்டையானதல்ல, ஒரு துண்டு இன்னொரு குரோமோசோமோடு இடம் மாறியிருக்கிறது என்று கண்டார். அந்த இடமாற்றத்தால் உருவாகும் புரதத்தை அடைக்கும் பொருளை, அதாவது இமாட்டினிப்பை, ட்ரூக்கரும் லைடனும் மற்றவர்களும் 1996இல் வெளியிட்டார்கள். அந்தப் பேப்பரை நீங்கள் எடுத்துப் படிக்க வேண்டும். நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையிலும் ரத்தத்திலும் இருந்து எடுத்த செல்களில், நோய்ச் செல் கூட்டங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் குறைந்தன. நல்ல செல் கூட்டங்கள் குறையவில்லை. நல்ல செல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 2001இல் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை முடிவு வந்தது: போதுமான அளவு கொடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சீரானது. அதே வருடம் மே மாதம் அமெரிக்காவில் அனுமதி. அந்தக் குட்டைக் குரோமோசோமிலிருந்து நாற்பத்தொரு வருடம்.

நம்மூர் பங்கும் இதில் உண்டு. இந்த மருந்தின் இன்னொரு வடிவத்துக்கு அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006இல் அவர்கள் மறுத்தார்கள், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. நோவார்ட்டிஸ் மாத்திரை மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய், நம்மூர்க் கம்பெனிகளின் மாத்திரை எட்டிலிருந்து பத்தாயிரம் என்று வழக்கில் பேசப்பட்ட காலம் அது. அந்தத் தீர்ப்பை எழுதியவர்களுக்கும், அந்த மறுப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கும் ஹெச்-இண்டெக்ஸ் என்ன இருக்கும்?

என் சாய்வு மேடத்தின் பக்கம். ஆனால் நான் சொன்னேன் என்று சேராதீர்கள். இரண்டு லேபுக்கும் ஒருமுறை போங்கள். கைடின் அறையில் உட்கார்ந்து பேசுவதோடு நிறுத்தாமல், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளை வாசல் டீக்கடைக்கு அழைத்துப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பேப்பர் போடக் கட்டணம் யார் கட்டுகிறார்கள், மாணவர் உதவித்தொகையிலிருந்து எடுக்கச் சொல்கிறார்களா? முதல் வரைவை யார் எழுதுகிறார்கள்? முடிவு எதிர்பார்த்தபடி வராத வாரம் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. செல்லுக்கு ஞாயிறும் தெரியாது, பொங்கலும் தெரியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டக் கரைசல் மாற்றியே ஆக வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து ஓஎம்ஆர் கோடிக்குத் தினம் போய் வருவது, ராத்திரி எட்டரைக்கு லேபை விட்டுக் கிளம்பினால் வீடு சேர எத்தனை மணி ஆகும் என்பது, ஹாஸ்டல் என்றால் அதற்கு எவ்வளவு என்பது, இதையெல்லாம் அண்ணனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் அவருக்கு ஆர்வம் இருக்கிறதே. அதற்கு முன்னால் ஜேஆர்எஃப் கடிதத்தை எடுத்து, எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.